தெரணியகலை: அபிநயாவுக்கு ஒரு பள்ளிக்கூடம்

வியாழன், காலை

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் 122ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து அவிசாவளையில் இறங்கியபோது மணி ஒன்பதரை. கட்டணம் இருநூற்று இருபது ரூபாய். அங்கிருந்து தெரணியகலை சுமார் இருபத்தைந்து கிலோமீற்றர். பஸ் நிலையத்தில் எந்த வரிசையில் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெயர்ப்பலகைகளில் தமிழ் இருந்தது. ஆனால் தெரணியகலை என்று எழுதிய பலகையின் கீழே வேறோர் ஊருக்குப் போகும் பஸ் நின்றது. நடத்துநர் ஒருவரிடம் கேட்டேன். அவர் வேகமாக ஏதோ சொல்லி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். அரச ஊழியருக்கான மொழிப் பரீட்சைக்காகச் சிங்களம் படித்துத் தேறியவள் நான். யாராவது மெதுவாகப் பேசினால் பெரும்பகுதி விளங்கும். பஸ் நிலையத்தில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு மூட்டை பிளாஸ்டிக் வாளி. தெஹியோவிட்ட தாண்டும்வரை கைபேசியில் சிங்களத்தில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு வந்தார். அடுத்த அழைப்பு வந்ததும், "ஆ, சொல்லுங்க மச்சான்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன, சிங்களவன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தார். தெரணியகலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறாராம். "எங்க பக்கம் மூஞ்சிய பாத்து மொழி சொல்ல ஏலாதுங்க. பேச்ச கேட்டும் சொல்ல ஏலாது. சாமி கும்புடுறப்ப பாத்தாத்தான் தெரியும். அதுலயும், வெள்ளிக்கெழம கோயிலுக்கு வாரவங்களே பௌர்ணமி போயாவுக்குப் புத்தர் பன்சலைக்கும் போவாங்க."

பல வருடங்களாகப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிப்பிக்கிறவள் இப்படி ஒருவர் கிடைத்தால் விடமாட்டாள். மனத்துக்குள் கணக்குப் போடுவது எந்த மொழியில் என்று கேட்டேன். அவர் வாய்க்குள் ஏதோ கூட்டிப் பார்த்தார்.

"சிங்களத்துலதான் போடுறேன் போல" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "இதுவரைக்கும் யாரும் கேக்கலங்க."

தெஹியோவிட்டவுக்குப் பிறகு பாதை ஏறத் தொடங்குகிறது. இருபுறமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வழிய ஒரு சிரட்டை. உயரம் கூடக் கூட ரப்பர் விலகித் தேயிலை வருகிறது. இடையிடையே சீதாவக்கை ஆறு பாறைகளில் மோதிக்கொண்டு கூடவே வந்தது. மட்டக்களப்பின் வாவித் தண்ணீர் சத்தம் போடுவதில்லை. இந்த ஆறு பஸ்ஸின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

நான் போவது சுகந்தியைப் பார்க்க. ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. எங்களிடம் நான்கு வருடம் படித்தாள். விரிவுரையின் நடுவில் கையை உயர்த்தாமலே கேள்வி கேட்பாள். பதில் பிடிக்காவிட்டால், "இல்ல மிஸ்" என்று தொடங்குவாள். ஒரு பாடத்தை ஒரு மணித்தியாலத்தில் முடிக்க விடமாட்டாள். பட்டம் பெற்றதும் தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையில் ஆசிரியை வேலை கிடைத்தது. அவளைத் தினமும் ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரர் மோகனையே கல்யாணம் செய்துகொண்டாள். எட்டு வருடமாகிறது. ஒரே மகள், அபிநயா. வருகிற ஜனவரியில் பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க வேண்டும். சிங்களப் பாடசாலையா, தமிழ்ப் பாடசாலையா என்பதில் கணவன் மனைவிக்குள் மாதக்கணக்காக இழுபறி. "மிஸ், ஒரு தடவ வந்துட்டுப் போங்களேன்" என்று தொலைபேசியில் அழைத்திருந்தாள். எனக்கு விடுமுறை. வந்துவிட்டேன்.

வியாழன், பகல்

மோகன் ஆட்டோவோடு காத்திருந்தார். ஒல்லியான, சிரித்த முகக்காரர். கடைத்தெருவைக் கடப்பதற்குள் ஏழெட்டுப் பேருடன் சிங்களத்தில் பேசிவிட்டார். ஒருவர் அவரை 'மல்லி' என்றார். இன்னொருவரை அவர் 'ஐயே' என்றார். தம்பி, அண்ணன். தோட்டம் ஏழு கிலோமீற்றர் மேலே. கடைசி இரண்டு கிலோமீற்றரில் பாதை என்று சொல்லக்கூடியது குறைவு.

"மிஸ், நீங்க அவ பக்கந்தான் பேசுவீங்க. அதுக்கு முன்னால எங்கதையையும் கேட்டுருங்க" என்றார், வண்டி ஓட்டியபடியே.

சில வருடங்களுக்கு முன் ஒரு வளைவில் அவருடைய ஆட்டோவில் ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. விழுந்தவரை அவரே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு பொலிஸில் வாக்குமூலம். நடந்ததைச் சிங்களத்தில் சரளமாகச் சொன்னார். எழுதியவர் எழுதினார். அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார். வழக்கு வந்தபோதுதான், அவர் பிழையான பக்கத்தில் வந்ததாக அதில் எழுதியிருப்பது தெரிந்தது. ஆறு மாதம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. அந்த ஆறு மாதமும் ரப்பர் பால் வெட்டப் போனார்.

"எழுதுனவரு வேணும்னு எழுதினாரா, நான் சொன்னது அவருக்கு அப்புடித்தான் வெளங்கிச்சா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது மிஸ். வாசிக்கத் தெரிஞ்சிருந்தா அந்த எடத்துலயே கேட்டிருப்பேன். நல்லா பேசுவேன், ஒரு எழுத்துத் தெரியாது. எம்புள்ளைக்கு அந்த நெலம வரக்கூடாது."

சொல்லி முடித்துவிட்டு, வழியில் நின்ற ஒரு மூதாட்டியை ஏற்றிக்கொண்டார். அவரிடம் காசு வாங்கவில்லை.

அவர்கள் வீடு, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இல்லை. லயங்களுக்குக் கீழே, தோட்டம் முடிந்து சிங்களக் கிராமம் தொடங்கும் இடத்தில், இரண்டு அறையும் தகரக் கூரை போட்ட குசினியும். பக்கத்து வீட்டில் திண்ணையளவு அகலத்தில் ஒரு கடை. பாண், சீனி, சவர்க்காரம், வெற்றிலை. கடைக்காரி சோமலதாவுக்கு நாற்பது வயது இருக்கும். சுகந்தி பாடசாலைக்கும் மோகன் வண்டிக்கும் போன பிறகு அபிநயாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்தே. சோமலதாவின் மகன் தினுகவுக்கும் அதே வயது. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவை.

ஆகவே, கடைக்குள்ளிருந்து ஓடிவந்த அபிநயா என்னிடம் பேசிய முதல் வார்த்தை சிங்களம். நான் தமிழில் பதில் சொன்னேன். "எப்பிடிச் சுகம் மகள்? உங்கட அம்மா எங்க?" பிள்ளை என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, தகப்பனிடம் கேட்டது: "இவங்க பேசுறது தமிழா?"

என் மட்டக்களப்புத் தமிழைப் பற்றி இதற்கு முன்னும் பலர் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

வியாழன், மாலை

இரண்டரை மணிக்குச் சுகந்தி வந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். குசினியில் தேத்தண்ணி போட்டபடி பேசத் தொடங்கியவள், பழைய சுகந்திதான். ஒரு கேள்வி கேட்டு, அதற்கு நான் பதில் சொல்லுமுன் அடுத்ததைக் கேட்டாள்.

சோமலதாவின் கடைக்குத் தேங்காய் வாங்கப் போனோம். அங்கே வேறொரு சுகந்தி நின்றாள். பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலை நேர்முகத்துக்கு நாளை கூட்டிப்போவதைப் பற்றிச் சோமலதா ஏதோ கேட்டார். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதுதான். எனக்கே விளங்கியது. சுகந்தி புன்னகைத்தாள். வாயைத் திறப்பதற்குள், வண்டி கழுவிக்கொண்டிருந்த மோகன் அங்கிருந்தே ஈரக்கையை ஒரு தரம் வீசி, "அக்கே, ஏயாட்ட தேரென்னே நெஹெ. மம கியன்னங்" என்றார். அக்கா, அவளுக்கு விளங்காது, நான் சொல்கிறேன். குரலில் எரிச்சல் இல்லை. உதவி செய்கிறவரின் குரல். சொல்லிவிட்டு, ஏழரைக்கு என்று பதிலும் சொன்னார். சுகந்தி தேங்காயை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

"உனக்கு விளங்கினதுதானே?" என்று கேட்டேன்.

"வெளங்கிச்சு மிஸ். ஆனா நான் வார்த்தய தேடி எடுக்குறதுக்குள்ள அவரு சொல்லி முடிச்சிருவாரு." தேங்காயை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "ஹட்டன்ல பேங்குக்குப் போனாலும் தமிழ், பஸ்ல ஏறினாலும் தமிழ். சிங்களம் பேச வேண்டிய அவசியமே வரல. அங்க நான் வாயாடி. வாய மூடுடின்னு எங்கம்மா அடிக்காத நாளில்ல. இங்க வந்து பாருங்க, டீச்சர் ரொம்ப அமைதியான பொண்ணுன்னு பேர் எடுத்திருக்கேன்."

சிரிக்கச் சொன்னதுதான். நானும் சிரித்தேன்.

"அபி வயித்துல இருக்கிறப்ப கிளினிக்குக்குப் போறேன். நர்ஸ் கேக்குறாங்க, இவரு சொல்றாரு. எனக்கு எங்க வலிக்குதுன்னு இவரு சொல்றாரு மிஸ். சரியாத்தான் சொன்னாரு. ஆனாலும்..."

அவள் வாதம் எளிது. பிள்ளைக்கு ஏற்கெனவே சிங்களம்தான் முந்திக்கொண்டு வருகிறது. எழுத்தும் சிங்களத்தில் அமைந்துவிட்டால் பத்து வயதில் தாயோடு பேச அவளுக்கு என்ன மிஞ்சும்? அதோடு, தமிழ்ப் பாடசாலையில் அடுத்த வருடம் முதலாம் தரத்துக்கு நான்கு பிள்ளைகள்தான் வருகிறார்கள். தோட்டத்துப் பெற்றோரில் பாதிப்பேர் கீழே சிங்களப் பாடசாலையில் சேர்க்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்கிறவள் சுகந்தி. தன் மகளைக் கீழே அனுப்பிவிட்டு அந்த வாசல்களில் எப்படி நிற்பது?

இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும். இருவரும் எனக்கு முன்னால் மரியாதையாகவே வாதிட்டார்கள். கடைசியில் சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே மிஸ் படிச்சுக் குடுத்தீங்க, மனுசன சமூகம்தான் உருவாக்குதுன்னு. இப்ப எங்க புள்ளய எந்தச் சமூகம் உருவாக்கணும்? நீங்களே சொல்லுங்க."

மோகனும் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியா சுகந்தி" என்றேன். தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. நாங்கள் படிப்பிப்பது நடந்து முடிந்ததை விளக்குவதற்கு. இனிமேல்தான் வளரப்போகும் ஒரு பிள்ளைக்கு அதில் வழி கிடையாது. அவள் அதை எதிர்பார்த்தவள்போலத் தலையாட்டினாள். இரண்டு பாடசாலையையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாகவும், நாளை நேர்முகத்துக்குப் போய் வருவதில் நட்டமில்லை என்றும் ஒப்புக்கொண்டாள்.

வெள்ளி

ஏழரைக்கு ஆட்டோவில் கிளம்பினோம். முன்னால் மோகன். பின்னால் நான், சுகந்தி, சோமலதா, மடிகளில் பிள்ளைகள். தினுகவுக்கும் இன்றுதான் நேர்முகம். இரண்டு பிள்ளைகளும் வழி நெடுக ஏதோ பாடிக்கொண்டு வந்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் கட்டியிருந்த ரெக்சீன் திரை காற்றில் அடித்து எல்லோரையும் நனைத்தது.

பாடசாலை ஆற்றுக்கு மேலே, சுத்தமாக, நீண்ட இரண்டு மாடிக் கட்டடங்களோடு இருந்தது. நூலகம் தனியறையில். கணினி அறை ஒன்று. முற்றத்தில் அரசமரமும் வெள்ளைப் புத்தர் சிலையும். சுகந்தி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தபடி நடந்தாள். ஒரு வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் ஒட்டியிருந்த காகிதப் பூக்களின் முன் நின்றுவிட்டாள். "எங்க ஸ்கூல்ல ஒண்ணாம் ஆண்டுக்கும் ரெண்டாம் ஆண்டுக்கும் நடுவுல செவரே இல்ல மிஸ். நான் இங்க பாடம் எடுத்தா அங்க கேக்கும்" என்றாள், மெதுவாக.

தினுகவின் முறை முதலில் வந்தது. பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அடுத்தது அபிநயா. நான் வெளியே இருப்பதாகச் சொன்னேன். பாடசாலை அதிபர் என்னையும் உள்ளே வரச் சொல்லி ஒரு நாற்காலி போடச் செய்தார். நரைத்த தலை, மென்மையான பேச்சு. பக்கத்தில் ஓர் இளம் ஆசிரியை.

ஆசிரியை பிள்ளையிடம் நிறங்களைக் கேட்டார். விலங்குகளின் படங்களைக் காட்டினார். அபிநயா ஒவ்வொன்றுக்கும் கேட்டதைவிட அதிகமாகவே சொன்னாள். யானையைக் காட்டியபோது, தான் ஒருமுறை யானை பார்த்ததையும், தினுக பயந்து அழுததையும் சொன்னாள். அதிபர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெற்றோர் பக்கம் திரும்பி, இந்தப் பாடசாலையில் சைவசமயம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை, பிள்ளை பௌத்தம் படிக்க வேண்டிவரும், சம்மதமா என்று கேட்டார். மோகன் தலையசைத்தார். அடுத்து அதிபர் சுகந்தியைப் பார்த்து, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்.

மோகன் வாயெடுத்தார். அதிபர் மெல்லக் கையை உயர்த்தினார். அம்மாவே சொல்லட்டும்.

சுகந்தி நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். "மம..." என்று தொடங்கினாள். நான். அடுத்த சொல் வருவதற்கு நேரமெடுத்தது. அவள் உதடுகள் அதை ஒருமுறை சொல்லிப் பார்ப்பது தெரிந்தது.

அதற்குள் அபிநயா கையை ஒரு தரம் வீசினாள். "அம்மாட்ட தேரென்னே நெஹெ, சேர். மம கியன்னங்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான். ஆசிரியை பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். கெட்டிக்காரி என்றார் அதிபர். அபிநயா, தன் தாய் மேலே தமிழ்ப் பாடசாலையில் டீச்சர் என்று விளக்கினாள். மோகனும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான் அவருக்கு நேரெதிரே இருந்தேன். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றது. மகளின் கையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அதன்பின் அதிபர் அவரிடம் இரண்டு கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது.

சுகந்தி புன்னகைத்தபடியே இருந்தாள். கடையில் பார்த்த அதே புன்னகை.

அபிநயாவுக்கு இடம் உண்டு, இரண்டு கிழமைக்குள் வந்து உறுதிப்படுத்துங்கள் என்றார் அதிபர். வாசலில் சோமலதா இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு ஆளுக்கொரு டொபி கொடுத்தார். திரும்பும் வழியில் சோமலதா ஒருத்திதான் பேசினார். ஒரே நிறத்தில் இரண்டு புத்தகப்பை வாங்க வேண்டும், ஒரே ஆட்டோவில் அனுப்பிவிடலாம் என்றெல்லாம். மோகன் கண்ணாடியில்கூடப் பின்னால் பார்க்கவில்லை.

வெள்ளி, அந்தி

குசினியில் சுகந்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்தேன். அபிநயா கடையில் தினுகவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். மோகன் வாசற்படியில் வந்து நின்றார்.

"அபி உன் ஸ்கூலுக்கே வரட்டும்" என்றார்.

சுகந்தி நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க?"

"கீழ போட வேணாம்."

"நேத்து வரைக்கும் நீங்கதானே..." அவள் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொன்னேனா என்பதுபோல. நான் இல்லையென்று தலையசைத்தேன். "வெளையாடாதீங்க. அந்த லைப்ரரிய பாத்தீங்களா? அந்த டீச்சர் எவ்வளவு அழகா கேட்டாங்க? நானே மனச தேத்திக்கிட்டு வந்துட்டேன். போடுவோம். நாளைக்குப் பெரியவளாகி, ஏம்மா என்னய அங்க சேக்கலன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான்தான் வேணாம்னேன்னு சொல்லு."

"ஏன்? அதச் சொல்லுங்க."

மோகன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

"அவ சிங்களம் பேசப் படிச்சது கடையில. சரி. அந்தக் கைய வீசினாளே, அது யாருகிட்ட படிச்சா? சோமலதா அக்காகிட்டயா? தினுககிட்டயா?" குரல் தாழ்ந்தது. "எங்கிட்டதானே. நான் ஒதவி செய்றேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். எட்டு வருசமா. அவ வாயில கேட்டப்பதான் அது எப்புடி இருக்குன்னு தெரிஞ்சிச்சு."

"சின்னப் புள்ள. தெரியாம சொல்லிட்டா."

"தெரியாமதான் சொன்னா. அதுனாலதான் சொல்றேன். இப்பவே அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ மனசுல பதிஞ்சிருச்சு. நீ பேசி, நாலு புள்ளைங்க வாயத் தொறந்து கேக்குறத அவ பாக்கணும். அதுக்கு உன் கிளாஸ்லதான் ஒக்காரணும். வேற எங்கயும் நீ பேசறதில்லயே. நான்தான் பேச விட்டதில்லயே."

துருவலை மேல் சுகந்தியின் கை அப்படியே இருந்தது. பிறகு அவள் தேங்காயைத் திருப்பிப் பிடித்துத் துருவத் தொடங்கினாள், கொஞ்சம் வேகமாக. மோகன் இறங்கிப் போய்விட்டார்.

சாப்பிட்ட தட்டுகளைப் பின்பக்கக் குழாயடியில் கழுவும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"இத அவரு சொல்லணும்னு எட்டு வருசமா இருந்தேன் மிஸ். சொல்லிட்டாரு. சந்தோசமாத்தான் இருக்கு." தண்ணீரை நிறுத்தினாள். "ஆனா அதுக்காக, கெடைச்ச எடத்த விடலாமா? இது அவளுக்காகச் செய்றதா, எனக்காகச் செய்றதா?"

இரண்டையும் பிரிக்க முடியுமா என்று கேட்க நினைத்தேன். அது வகுப்பறைக் கேள்வி. கேட்காமல் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

சனி

மோகன் என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். அபிநயாவும் கூட வந்தாள். வழியில் என் தமிழைத் திருத்திக்கொண்டு வந்தாள். "'தெரியா' இல்ல, 'தெரியாது'" என்றாள். அவிசாவளை பஸ் புறப்பட்டபோது மழை வெறித்து, ஆற்றுக்கு அப்பால் தேயிலைச் சரிவில் கூடைகளோடு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவு என்ன ஆகும் என்று தெரியாமலே வந்தேன்.

ஜனவரி கடைசியில் சுகந்தி தொலைபேசியில் பேசினாள். அபிநயா அவள் வகுப்பில்தான் இருக்கிறாள். நான்குக்குப் பதில் ஐந்து பிள்ளைகள். கீழே கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லப் போன அன்று, மோகனை வெளியே நிறுத்திவிட்டு அவளே உள்ளே போய்ச் சொன்னாளாம். கால் மணித்தியாலம் பிடித்ததாம். அதிபர் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம். சோமலதா இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தினுக தனியாகப் போக மாட்டேன் என்று அழுதான். பிறகு பழகிவிட்டான்.

"கிளாஸ்ல அபி எப்படி?" என்று கேட்டேன்.

"மொத நாள் கேள்வி கேட்டேன் மிஸ். கையத் தூக்கல, எந்திரிச்சு, 'இல்ல டீச்சர்'னு ஆரம்பிச்சா." அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "சரியா செஞ்சோமான்னு இன்னும் தெரியல. எங்க ஸ்கூல் அஞ்சு வரைக்குந்தான், ஆறாம் ஆண்டுல திரும்ப இதே சண்டதான். அப்பவும் நீங்க வரணும்."

இதற்குச் சில நாட்களின் பின், மட்டக்களப்பில் ஒரு கண் சிகிச்சை நிலையத்தில் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண், அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவர்போல. மடியில் கண்ணில் கட்டுப் போட்ட பிள்ளை. எங்கள் ஊரில் தமிழ் பேசத் தெரியாமல் நிற்பவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதைவிட, கடந்து போயிருக்கிறேன் என்பது சரி. பணியாளர் பிள்ளைக்கு எப்போதிருந்து வலி என்று கேட்டார். அந்தப் பெண் "முந்தா நாள்..." என்று தமிழில் தொடங்கி, அடுத்த சொல்லுக்காக நிறுத்தினார். பக்கத்தில் இருந்த ஒருவர் நல்ல மனத்தோடுதான் முந்திக்கொண்டு, "அவவுக்குத் தமிழ் வராது, நான் கேட்டுச் சொல்றன்" என்றார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டார்.

"இல்ல தம்பி, அவவே சொல்லட்டும்" என்றேன்.

நீண்ட வரிசை. பின்னால் யாரோ அலுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நாங்கள் காத்திருந்தோம்.